ஏழாம் பக்கம்

இயேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
9 ஜூன் 2025

அன்புள்ள தங்கை வெரோனிகாவுக்கு,

அண்ணன் பவுல்சாமி எழுதுவது. நான் சுகம், சர்க்கரைதான் என் பேச்சைக் கேட்பதில்லை. கோத்தகிரிக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகள் எஸ்தர் டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா? என் காது நேரில் பேசினால் மெஷின் புண்ணியத்தில் கேட்கிறது. போனில் வெறும் இரைச்சல்தான். வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். அதை யார் யார் படிக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. கடிதம் என்றால் தபால்காரர் ஒருவரை மட்டும் சந்தேகப்பட்டால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஷண்முகப்ரியா என்று ஒரு பெண் வந்திருந்தாள். கணிதப் பேராசிரியை, டில்லிபாபுவின் பழைய மாணவி. டிசம்பரில் அவனுக்கு எழுபத்தைந்து நிறைகிறதாம். மாணவர்கள் சேர்ந்து விழா மலர் போடுகிறார்கள். "நீங்களும் சாரும் ஒண்ணா ஃபங்க்‌ஷனல் அனாலிசிஸ் பண்ணினவங்களாமே சார். அந்தக் காலத்தப் பத்தி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றாள்.

முப்பத்தெட்டு வருடமாக அவனோடு பேசாதவனிடம் வந்து கேட்கிறாள். ஒன்று, அவளுக்கு எதுவும் தெரியாது. இல்லையென்றால் நோட்டம் பார்க்க டில்லியே அனுப்பியிருக்கிறான். எப்படியும் இருக்கட்டும், சரி என்று சொல்லிவிட்டேன். 1987-ல் என் கட்டுரையை அவன் வேண்டுமென்றே கெடுத்தான் என்று அந்த நாலு பக்கத்தில் எழுதப்போகிறேன். அவன் விழா மலரிலேயே அது அச்சாகட்டும்.

நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய். டைப் அடித்த தாள்களை அவன் எப்போது வாங்கிப் போனான், எப்போது கொண்டுவந்தான்? யோசித்து எழுது. எனக்கு இருக்கும் ஒரே சாட்சி நீ.

உன் அண்ணன்,
பவுல்சாமி


கோத்தகிரி
20 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வெரோனிகாவின் தோத்திரங்கள். ஆண்டவர் கிருபையில் நானும் எஸ்தரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நாளை ஓட்டுகிறேன். நீங்கள் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறீர்களா, மறந்துவிட்டுப் பின்னால் போடுகிறீர்களா? உங்களைத் தெரிந்துதான் கேட்கிறேன்.

நீங்கள் கேட்டது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மாவைக் கவனிக்கவே எனக்கு நேரம் போதாத சமயம் அது. டில்லி அண்ணன் வருவார், போவார். எந்தத் தேதி என்று எப்படிச் சொல்வேன்? விட்டுவிடுங்கள் அண்ணா. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே விடாமல் மழை. துணி காயவில்லை.

தங்கை,
வெரோனிகா


சாந்தோம்
27 ஜூன் 2025

அன்புள்ள வெரோனிகாவுக்கு,

சுகம். உன் கடித உறையின் ஒட்டு ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தது. நீ சரியாக ஒட்டவில்லையா, வழியில் யாராவது பிரித்தார்களா? அடுத்த முறை எழுது.

விட்டுவிடு என்கிறாய். எதை விடச் சொல்கிறாய் என்று தெரிந்துகொள். நீ பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள், புரியும். X என்று ஒரு வெளி. அதை அளக்கக்கூடிய அளவுகோல்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டினால் இன்னொரு வெளி கிடைக்கும். அதைக் காட்ட X-இன் தலையில் ஒரு நட்சத்திரம் போடுவோம். நட்சத்திரம் போட்டது ஒழுங்காக இருந்தால் போடாததும் ஒழுங்காக இருக்கும். ஆனால் போடாததை வைத்துக்கொண்டு போட்டதை நம்ப முடியாது. என் தேற்றம் நட்சத்திரம் போட்டதைப் பற்றியது. அனுப்பிய தாளில் அந்த ஒரு இடத்தில் நட்சத்திரம் இல்லை. அந்த ஒரு குறி இல்லாததால் தேற்றமே பொய்யாகிவிட்டது.

கச்சேரி ரோட்டு டைப்பிஸ்டிடம் அந்தக் குறியெல்லாம் கிடையாது, இடம் விட்டு அடிப்பார். அங்கெல்லாம் மசியால் குறி போடுவது டில்லியின் வேலை. அவன் கை அச்சு மாதிரி; அவன் போட்டால் நான் திரும்பப் பார்ப்பதே இல்லை. இருநூறு நட்சத்திரம் போட்டவன் தேற்றத்தில் மட்டும் எப்படி விடுவான்? நொச்சிக்குப்பம் மீனவர் குடும்பங்களிலிருந்து கணிதத்துக்கு வந்த முதல் ஆள் அவன். கட்டுரை அச்சானால் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்ய எனக்கு அழைப்பு. நான் அவனை முந்திக்கொண்டு அங்கே போவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

ஆராய்ச்சிப் பத்திரிகையில் 'தேற்றம் தவறு' என்று இரண்டு வரியில் கட்டுரையைத் தள்ளிவிட்டார்கள். திருத்தி அனுப்பி, அது வரிசையில் காத்திருந்தபோது போலந்துக்காரர் ஒருவர் அதே தேற்றத்தை வெளியிட்டுவிட்டார். இன்று பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. என் தேற்றத்தை அவர் பெயரைச் சொல்லி இருபது வருடம் நானே பாடம் நடத்தினேன், வெரோனிகா. கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதிவிட்டு முதல் வேலையாக அழித்துவிடுவேன். ஜெர்மனிக்காரர்களும் அழைப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

1991-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கான தேர்வுக்குழுவில் டில்லியைப் பற்றி என்னைக் கேட்டார்கள். "நம்பி ஒரு தாளைக் கொடுக்க முடியாத ஆள்" என்றேன். பதவி அவனுக்கு வரவில்லை. ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகைக்கெழு சொல்லிக் கொடுத்தே ஓய்வுபெற்றான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மீன்கார முத்தம்மா அவனுக்குத் தங்கை முறை. "இன்னா சாரு, டில்லி அண்ணன் மேல இன்னும் கோவமாவா கீறே? அது உன்ன பத்தி தப்பா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல" என்றாள். தப்புச் செய்தவன் பேசாமல்தானே இருப்பான்? அவள் அன்று கொடுத்த சங்கரா மீனும் சின்னதாகவே இருந்தது.

தேதியை யோசி.

அண்ணன்,
பவுல்சாமி


சாந்தோம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வெரோனிகாவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் கடிதம் வந்ததா? உடம்புக்கு ஏதாவதா? எஸ்தருக்கு எழுதிக் கேட்டால் 'அம்மா நன்றாக இருக்கிறார்கள் மாமா, கோயிலுக்குத்தான் அடிக்கடி போகிறார்கள்' என்று அட்டை போட்டிருக்கிறாள். நன்றாக இருப்பவள் ஏன் எழுதவில்லை?

டில்லி உன்னைத் தொடர்புகொண்டானா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

நாலு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி இது: 'நண்பர் டில்லிபாபு ஒரு குறியை விட்டார், அதோடு என் வாழ்க்கை வேறு பாதையில் போயிற்று.' நவம்பர் முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

பவுல்சாமி


கோத்தகிரி
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளை மாதா விண்ணேற்புத் திருநாள். உங்களுக்காகப் பூசை வைத்திருக்கிறேன். நான் நலம். உங்கள் கடிதம் தாமதமாக வந்தது, பிறகு எனக்குச் சளி. உறையை நான்தான் சரியாக ஒட்டவில்லை, தபால்காரர் மேல் பழி வேண்டாம்.

டில்லி அண்ணனோடு எனக்குப் பேச்சே இல்லை. சத்தியமாக.

அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கட்டுரையைக் கொடுக்காதீர்கள். அவருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருப்பதாக முத்தம்மா சொன்னதாகப் போன வருடம் நீங்களே எழுதினீர்கள். என்றைக்கோ ஏழாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு குறிக்காக, அவர் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் விழாவில் அவரைக் கெட்டவர் ஆக்க வேண்டுமா? அவர் வேண்டுமென்று செய்திருப்பார் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? மனுஷனுக்குக் கை தவறாதா?

எனக்காக இந்த ஒன்றைச் செய்யுங்கள். இதுவரை நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

தங்கை,
வெரோனிகா


சாந்தோம்
5 செப்டம்பர் 2025

அன்புள்ள வெரோனிகாவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும்.

நீ இவ்வளவு கெஞ்சியதால் ஒரு முடிவுக்கு வந்தேன். முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்ற பேச்சு வரக்கூடாது, நேரில் வாசித்துக் காட்டிவிட்டே கொடுப்பது என்று. ஷண்முகப்ரியா தன் காரில் கூட்டிப்போனாள். நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறான். நான் படியேறும்போதே, "வாடா பவுலு. இன்னாடா இப்டி எளச்சிட்டே?" என்றான். இடையில் முப்பத்தெட்டு வருடம் போனதே தெரியாத மாதிரி.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே நாலு பக்கத்தையும் வாசித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "ஆமாண்டா. நான்தான் வுட்டேன். பொறாமன்னே எழுதிக்கோ" என்றான். ஷண்முகப்ரியா, "என்ன சார் சொல்றீங்க?" என்று எழுந்தேவிட்டாள். "உண்மையத்தாம்மா சொல்றேன். சார் குடுக்கறத அப்டியே போட்டுடு."

எந்த இடம் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "நாலாம் பக்கம்தானே?" என்றான். தப்பு. ஆனால் வயதாகிவிட்டது, பக்கம் மறந்தாலும் குற்றம் நினைவிருக்கிறதே.

ஆக, ஒப்புக்கொண்டுவிட்டான். இனி நீயும் கை தவறியது அது இது என்று சொல்ல முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. அவன் கொடுத்த டீ இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

அண்ணன்,
பவுல்சாமி


சாந்தோம்
11 செப்டம்பர் 2025

வெரோனிகா,

என் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். டைப்பிஸ்ட் பக்கத்துக்குப் பக்கம் அதே மாதிரிதான் அடித்திருந்தார். நாலாம் பக்கத்தில் நட்சத்திரமே கிடையாது. இந்தத் துறையில் எனக்கு முன்னால் யார் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும் வெறும் வசனம். இருநூறு குறியை ஒவ்வொன்றாகப் போட்டவன், அதில் ஒன்றை வேண்டுமென்றே விட்டவன், விட்ட இடத்தை மறந்தாலும் குறியே இல்லாத பக்கத்தையா சொல்வான்? அந்தத் தாளை அவன் குறி போடும் கண்ணோடு பார்த்ததே இல்லை. செய்யாததைச் செய்தேன் என்கிறான். ஏன்?

அடுத்தபடி உன் ஆகஸ்ட் 14 கடிதத்தை எடுத்தேன். 'ஏழாம் பக்கத்தில்' என்று எழுதியிருக்கிறாய்.

ஏழுதான். ஆனால் உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதும் கடிதத்தையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துத்தான் தபாலில் போடுகிறேன். உன்னிடம்கூட எனக்கு அந்தப் புத்தி. எல்லாவற்றையும் திரும்பப் படித்துவிட்டேன். எதிலும் பக்கம் சொல்லவில்லை. பக்க எண் பத்திரிகையிலிருந்து வந்த கடிதத்தில் மட்டும் இருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. டில்லியிடம்கூட அன்று 'தேற்றத்துல நட்சத்திரம் எங்கடா?' என்று கத்தினேனே தவிர, பக்கம் சொல்லவில்லை.

அந்தக் குறிகளைப் போட்டது யார்?

பவுல்சாமி


சாந்தோம்
3 அக்டோபர் 2025

வெரோனிகா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எஸ்தர் எழுதிவிட்டாள். மூன்று வாரம் பேசாமல் இருக்கிறாய். இதையே பதிலாக எடுத்துக்கொள்ளவா?

பவுல்சாமி


கோத்தகிரி
9 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். மாத்திரையை விடாதீர்கள்.

நான்தான் போட்டேன்.

நீங்கள் திருச்சிக்கு வகுப்பெடுக்கப் போயிருந்த வாரம் அது. டில்லி அண்ணனின் நைனா கட்டுமரத்தில் போய் இரண்டு நாளாகக் கரைக்கு வரவில்லை. அவர், டைப்பிஸ்ட் அடித்துக் கொடுத்த தாள்களையும் உங்கள் பிரதியையும் என் கையில் கொடுத்து, "வெரோனிகா, இத்த மட்டும் போட்டு வெச்சிடும்மா. பவுலு வெள்ளிக்கிழம வந்ததும் அனுப்பணும். எனுக்கு இப்ப கை ஓடல" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார். அவர் நைனா மறுநாள் உயிரோடு கரை சேர்ந்தார். நான் அதற்குள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டேன்.

ஒவ்வொரு குறி போட்டதும் உங்கள் பிரதியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவந்தேன். விட்டுப்போகக்கூடாது என்றுதான். கடைசியாக ஒரு முறை புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு குறிக்குக் கோடு இல்லை. பேனாவை எடுத்துவிட்டேன் அண்ணா. கையில் பேனா இருந்தது.

அம்மா பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம். கோத்தகிரி வரன் மூன்றாம் தடவையாகக் கேட்டு அனுப்பியிருந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. நீங்கள் ஜெர்மனிக்குப் போனால் அம்மாவோடு இருக்க வேண்டியது நான். கட்டுரை ஒரு முறை திரும்பி வந்தால் நீங்கள் திருத்தி அனுப்புவீர்கள், ஆறு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் என் கல்யாணம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். போலந்தில் ஒருவர் அதையே எழுதிக்கொண்டிருப்பார் என்று நான் கண்டேனா? பேனாவை மூடிவிட்டேன். பென்சில் கோடுகளையும் ரப்பரால் அழித்துவிட்டேன்.

நீங்கள் வந்து, "டில்லி முடிச்சிட்டானா?" என்று கேட்டீர்கள். "ம்" என்றேன். உறை ஒட்டச் சோறு கேட்டீர்கள். நானேதான் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜனவரியில் கட்டுரை திரும்பியது. கூடத்தில் நீங்கள் அவரைப் பார்த்துக் கத்தியபோது நான் அடுப்படியில் நின்றேன். அவர் ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டது நீங்கள். கல்யாணம் செய்துகொள்ளாமலே நின்றுவிட்டீர்கள்.

தேர்வுக்குழுவில் அவரைப் பற்றி நீங்கள் சொன்னது இந்த ஜூனில் உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு மனுஷனின் வேலையும் என்னால் போயிருக்கிறது. அந்த ஐந்து வாரம் எனக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

கட்டுரையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்தரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வெரோனிகா


சாந்தோம்
6 நவம்பர் 2025

வெரோனிகாவுக்கு,

பதில் எழுத நாலு வாரம் ஆயிற்று. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதில் இருந்த வார்த்தைகளை நீ படிக்காமல் இருப்பது நல்லது. கோபம் இன்னும் இருக்கிறது. ஜெர்மனிக்காக மட்டும் இல்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், மீன்காரியையும் தபால்காரரையும்கூட விடவில்லை. உன்னை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

நேற்று முன்தினம் தனியாக ஆட்டோ பிடித்து நங்கநல்லூருக்குப் போனேன். "நாலாம் பக்கத்துல நட்சத்திரமே இல்லடா" என்றேன். டில்லி கேட்ட முதல் கேள்வி, "வெரோனிகாவ திட்டினியா?"

"இல்லை" என்றேன்.

"திட்டாதடா. நைனா கரைக்கு வரலன்னு நான் அழுதுகினு கீறேன், அந்த நேரத்துல அத்தனையும் அது தலையில கட்டுனது நான்தான். ஒண்ணு வுட்டுப்பூடிச்சி. அவ்ளோதான். மனுசங்களுக்கு ஆவறதுதான்."

ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிட்டு? நான் போனா உனுக்கு ஒரு ஃப்ரெண்டுதான் போவான். அது போனா உனுக்கு வூட்ல யாருடா கீறாங்க?"

தேர்வுக்குழுவில் நான் சொன்னது அவனுக்கு அந்த வாரமே தெரியுமாம். காலில் விழுந்திருப்பேன், என் முழங்கால் விடவில்லை, அவனும் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டேன். புதிதாக நாலு பக்கம் எழுதி ஷண்முகப்ரியாவிடம் கொடுத்தாயிற்று. குறியை விட்டது அவனில்லை என்று அதில் இருக்கிறது. தேர்வுக்குழுவில் நான் சொன்ன பொய், சொன்ன வார்த்தையோடு, என் பெயரோடு இருக்கிறது. உன் பெயர் இல்லை. உனக்காக விட்டதில்லை. டில்லி போடக்கூடாது என்றான்.

மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியாது. டிசம்பர் 14 விழா. எஸ்தரைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிடு. வந்ததும் நான் உன்னை நங்கநல்லூருக்குக் கூட்டிப்போவேன். வாசல் வரைக்கும்தான் வருவேன்.

ஏனென்றால் உன் கையில் பேனா இருந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. உனக்குக் கை தவறிவிட்டது என்றுதான் அவன் முப்பத்தெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான். அதை என் வாயால் உடைக்க மாட்டேன். நீயே போய்ச் சொல்.

உன் அண்ணன்,
பவுல்சாமி